ஒரே காலில் இரண்டு தொந்தரவுகள்

என் கால்களில் இருப்பது ஒரு தொந்தரவு அல்ல, இரண்டு. விளக்கு வைக்கும் நேரம் தாண்டியதும், உட்கார்ந்தாலும் படுத்தாலும் கெண்டைக்காலுக்குள் ஒரு குறுகுறுப்பு கிளம்பும். வலி என்று சொல்ல முடியாது. காலை அசைத்தே ஆக வேண்டும் என்று உள்ளேயிருந்து பிடித்துத் தள்ளும். எழுந்து நாலு எட்டு வைத்தால் அடங்கும். படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். இது ஒன்று. மற்றது பாதத்தில் எரிச்சல், மிளகாய் அரைத்த கை எரிவதுபோல். கூடவே முள் குத்தும், மரத்துப்போகும், போர்வை பட்டாலே சுருக்கென்று இழுக்கும். நடந்தாலும் அது போகாது.

முதலாவது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம், அதாவது ஓய்வற்ற கால் நோய். 1672லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1940களில் ஸ்வீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் எக்போம் விரிவாக ஆராய்ந்து இந்தப் பெயரை வைத்தார். இரண்டாவது, பல வருஷச் சர்க்கரை நோய் என் பாத நரம்புகளைக் கெடுத்ததால் வந்த நியூரோபதி வலி. இரண்டும் ராத்திரியில்தான் உச்சத்துக்குப் போகும் என்பதால் நோயாளி மட்டுமல்ல, சில சமயம் வைத்தியம் பார்ப்பவர்களும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நான் இத்தனை ராத்திரி கண்விழித்துத் தெரிந்துகொண்டதில் முக்கியமானது இதுதான்: இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னால்தான் சரியான வைத்தியம் கிடைக்கும். ஒன்றுக்கு நல்லதாக இருக்கும் மாத்திரை மற்றதைக் கிளப்பிவிடக்கூடும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. எரிச்சலுக்காக ஒரு கிளினிக்கில் அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். நரம்பு வலிக்கு அது பழைய, நல்ல மருந்து. பலருக்குத் தூக்கத்தையும் தரும். எனக்கும் எரிச்சல் தணிந்தது. ஆனால் குறுகுறுப்பு கட்டுக்கடங்காமல் போய், விடிகிற வரைக்கும் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தேன். பிறகு நரம்பியல் மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் கேட்ட கேள்வியே வேறு.

"எழுந்து நடந்தா குறையுதாம்மா?"

"ஒண்ணு குறையுது டாக்டர். இன்னொண்ணு குறையலை."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். காலை அசைக்கத் தூண்டும் உணர்வு, ஓய்வில் கூடுவது, அசைத்தால் குறைவது, சாயங்காலத்துக்கு மேல் மோசமாவது, இவற்றுக்கு வேறு காரணம் இல்லாதிருப்பது. இவற்றைக் கேட்டுத்தான் ஓய்வற்ற கால் நோயைக் கண்டுபிடிக்கிறார்கள். ஸ்கேனில் தெரியாது. அதனால் நோயாளியின் வாய்ச்சொல்தான் இங்கே பரிசோதனை. எனவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எப்போது ஆரம்பித்தது, குறுகுறுப்பா எரிச்சலா, நடந்தால் என்ன ஆயிற்று, அன்று என்ன மாத்திரை போட்டீர்கள் என்று நாலு வார்த்தை போதும்.

பாதத்துக்கு வேறு பரிசோதனை. மெல்லிய நைலான் இழையால் அடிப்பாதத்தைத் தொட்டும், இசைக்கவையை அதிரவைத்துக் கட்டைவிரல் எலும்பில் வைத்தும் உணர்ச்சி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்கள். பி12 அளவையும் எடுத்தார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இன்னும் கூடுதல். பி12 குறைவே கால் எரிச்சலைக் கொண்டுவரும். சர்க்கரைதான் காரணம் என்று முடிவுகட்டி இதைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. அதற்காக மருந்துக்கடையில் கேட்டு "நரம்பு மாத்திரை" வாங்கி வருஷம் முழுக்க விழுங்குவதும் ஆபத்து. சிலவற்றில் பி6 இருக்கும். அது அளவு மீறினால் நரம்பையே கெடுக்கும்.

இரும்புச் சத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். ஓய்வற்ற கால்களுக்கும் மூளையில் இரும்பு குறைவதற்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. என் ஹீமோகுளோபின் நன்றாகவே இருந்தது. ஆனால் உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற வேறொரு பரிசோதனை. லேப் ரிப்போர்ட்டில் அது 20, 30 இருந்தாலும் "நார்மல்" என்றே அச்சாகி வரும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அது போதாது. பெரியவர்களுக்கு 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டல். உடம்பில் காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறித் தெரியும். அதனால் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற இன்னோர் இரும்புப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இந்தப் பரிசோதனைகளைக் காலையில் எடுப்பது நல்லது.

ஆனால் சோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அளவு மீறிய இரும்பு கல்லீரலில் படியும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் ஆண்களுக்கும் இரும்பு குறைந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று முதலில் தேட வேண்டும். மூலமாக இருக்கலாம், குடல் புண்ணாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். மாத்திரை போடும் விதத்திலும் கவனம் தேவை. காப்பியும் டீயும் பாலும் இரும்பை உடம்பில் சேரவிடாது. நான் எலுமிச்சைச் சாற்றோடு போட்டுக்கொண்டு, காப்பியை இரண்டு மணி நேரம் தள்ளிவைக்கிறேன். சாயங்காலக் காப்பியை அடியோடு விட்டுவிட்டேன். திருநெல்வேலிக்காரிக்கு அது பெரிய தியாகம்தான், ஆனால் பலன் கண்கூடாகத் தெரிந்தது. இரும்பு ஏற ஏறக் குறுகுறுப்பு இறங்கியது. ஒரு வாரத்தில் இல்லை, மாதங்கள் பிடித்தது.

மருந்தில் எனக்கு அமிட்ரிப்டிலினை மெதுவாகக் குறைத்து நிறுத்திவிட்டு ப்ரீகாபலின் கொடுத்தார்கள். அது குறுகுறுப்பு, எரிச்சல் இரண்டுக்குமே வேலை செய்யும். தலைசுற்றலும் கால் வீக்கமும் தரலாம். கிட்னி சரியில்லாதவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. ராத்திரி எழும்போது கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்து, விளக்கைப் போட்டுவிட்டு எழுந்திருப்பது என் வழக்கம். இந்த வயதில் விழுந்தால் இடுப்பு போய்விடும்.

குறுகுறுப்புக்காக ப்ராமிபெக்ஸோல், ரோபினிரோல் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆரம்பத்தில் அற்புதமாகக் கேட்கும். நாளாக ஆக, ராத்திரி பத்து மணிக்கு வந்த தொந்தரவு சாயங்காலமே வர ஆரம்பிக்கும். கைக்கும் பரவும். நோய் முற்றிவிட்டது என்று மாத்திரையைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் இந்த மாற்றத்தை அப்படியே சொல்லுங்கள். இந்த மாத்திரைகளால் சிலருக்குச் சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது போன்ற அடக்க முடியாத பழக்கங்களும் வரும். வீட்டில் இருப்பவர்கள்தான் அதைக் கவனிக்க முடியும்.

சளி மாத்திரைகளிலும் விஷயம் இருக்கிறது. அவற்றில் சேரும், தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மருந்துகளும், வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடும் குறுகுறுப்பைக் கிளப்பிவிடும். மனச்சோர்வுக்கான பல மாத்திரைகளும் அப்படியே. அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கொடுத்தவரிடம் பேசுங்கள். ஆபரேஷனுக்குச் சேரும்போது மயக்க மருத்துவரிடம் இந்த நோய் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம்.

எங்கள் அம்மாவுக்கும் இது இருந்திருக்கிறது என்று இப்போது புரிகிறது. ராத்திரியானால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கெண்டைக்காலை மிதிக்கச் சொல்வாள். அதுவும் போதாமல் பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பாள். குடும்ப வழியாக வரும் நோய் இது, பெண்களுக்குக் கூடுதலாக வருவது. அம்மா செய்ததில் மிதிப்பதையும் பிடித்துவிடுவதையும் நானும் செய்கிறேன், நிஜமாகவே இதமாக இருக்கிறது. கட்டுவதை மட்டும் செய்வதில்லை. மரத்துப்போன காலில் துணி இறுகினால் ரத்தம் தடைபடுவதே தெரியாது. வெந்நீரில் கால் வைப்பதும் அப்படித்தான். உணர்ச்சி குறைந்த பாதம் வெந்து கொப்பளித்தாலும் சொல்லாது. முழங்கையால் சூடு பார்த்த பிறகே தண்ணீரை ஊற்றுகிறேன். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றுவதில்லை, காலையிலேயே போய்விடுகிறேன். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவினால் குளுமையாக இருக்கும், நோயைத் தீர்க்காது. விரல் இடுக்கில் எண்ணெய் தங்கவிடாதீர்கள், தடவிய காலோடு தரையில் நடக்கவும் வேண்டாம். தினமும் கண்ணாடி வைத்து அடிப்பாதத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

குறுகுறுப்புக்கு மனதைப் பிடித்து வைக்கும் வேலை நன்றாக உதவுகிறது. டி.வி. பார்த்தால் அடங்காத கால், பூக் கட்டினால், சுடோகு போட்டால் அடங்குகிறது. காலை நேரம் எனக்கு நல்ல நேரம் என்பதால், உட்கார்ந்தே இருக்க வேண்டிய வேலைகளையெல்லாம் முற்பகலில் வைத்துக்கொள்கிறேன். சென்னைக்கு இரவுப் பேருந்தில் போவதை விட்டுவிட்டேன். ரயிலில் எழுந்து நடக்கலாம். எரிச்சலுக்குப் போர்வை பாதத்தில் படாமல் காலடியில் ஒரு சின்ன ஸ்டூலைக் கவிழ்த்து, அதன்மேல் போர்வையைப் போடுகிறேன். தூங்கும்போது நான் உதைப்பதால் வீட்டுக்காரர் பக்கத்துக் கட்டிலுக்கு மாறிக்கொண்டார். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, இருவருக்கும் தூக்கம் கிடைக்கிறது.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தாலோ, கால் திடீரென்று பலம் இழந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறினாலோ, பாதத்தில் புண் வந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அவை வழக்கமான குறுகுறுப்போ எரிச்சலோ அல்ல.

இந்த நோய் என் வயதுக்காரர்களுக்கு மட்டும் வருவதல்ல. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பல பெண்களுக்கு ஓய்வற்ற கால் தொந்தரவு வரும். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் போய்விடும். குழந்தைகளுக்கும் வரும், ஆனால் அவர்களுக்கு அதைச் சொல்லத் தெரியாது. சாயங்கால ட்யூஷனில் உட்கார முடியாமல் காலை ஆட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளையை, வீட்டுக்கு ஆகாது என்று அதட்டாதீர்கள். குடும்பத்தில் வேறு யாருக்கும் ராத்திரியில் கால் குடைச்சல் உண்டா என்று விசாரியுங்கள். குழந்தை மருத்துவரிடம் அதையும் சொல்லி, ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.