மூழ்குவதும் மீள்வதும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்)

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே வாழும் நமக்கு நீர்மூழ்கிக் கப்பல் எட்டாத பொருளாகத் தோன்றலாம். ஆனால் அதன் தத்துவம் நம் வீட்டுக் குடத்திலேயே அடங்கியுள்ளது. நீச்சல் பழகுவோர் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்து ஆற்றில் மிதப்பதுண்டு. உள்ளே அகப்பட்ட காற்றே அவர்களைத் தாங்குகிறது. அக்குடத்தின் மேற்புறத்தில் துளையிட்டால் என்ன ஆகும்? காற்று வெளியேறும், வாய்வழியே நீர் புகும், குடம் மூழ்கிவிடும். அடியில் திறப்பும், மேலே வால்வும் உடைய இத்தகைய குடமே பாலாஸ்ட் தொட்டி எனலாம்.

விசாகப்பட்டினத்தில் இன்று காட்சியகமாக விளங்கும் ஐ.என்.எஸ். குர்சுரா 1969 முதல் 2001 வரை நம் கடற்படையில் பணியாற்றியது. மிதக்கும்போது அதன் எடை சுமார் 1,950 டன். மூழ்கும்போது சுமார் 2,475 டன். இவ்வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணம் தொட்டிகளில் புகும் கடல்நீரே.

சிறிய கலம் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட உருளை, முழுதும் மூழ்கினால் ஏறத்தாழ 2,356 லிட்டர் நீரை விலக்கும். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, ஆட்கள் உட்படக் கலத்தின் எடையும் 2,356 கிலோவாக இருப்பின் அது நீருக்குள் அந்தரத்தில் நிற்கும். மேலே மிதக்கப் பத்தில் ஒரு பங்கு தாங்குதிறன் வேண்டுமெனக் கொண்டால், வெளியே 240 லிட்டர் தொட்டி தேவை. கலம் சாயாதிருக்க, அதை முன்னும் பின்னும் சமமாகப் பிரித்து அமைக்க வேண்டும்.

அதே கலத்தைக் காவிரியிலிருந்து வங்கக் கடலுக்குக் கொண்டு சென்றால்? கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. ஆகவே மேலும் 59 கிலோ ஏற்றினால்தான் அது அந்தரத்தில் நிற்கும். இதற்காகவும், ஆள் எடை மாறுவதற்காகவும், அழுத்தத்தைத் தாங்கும் சிறு சரிக்கட்டுத் தொட்டி ஒன்று வேண்டும்.

பெரிய தொட்டியையே பாதி நிரப்பினால் போதாதா? போதாது, அங்கேதான் ஆபத்து இருக்கிறது! பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும். பாயில் விதிப்படி, தொட்டியில் எஞ்சிய 100 லிட்டர் காற்று 50 லிட்டராகச் சுருங்கும். 50 கிலோ தாங்குதிறன் பறிபோகும். கலம் இறங்க இறங்க மேலும் விரைந்து இறங்கும். எனவே, முழுதும் மூழ்கியபின் பெரிய தொட்டி நிறைந்தே இருக்க வேண்டும்.

மீள்வதற்கும் கணக்கு உண்டு. 240 லிட்டர் நீரை வெளியேற்றப் பத்து மீட்டர் ஆழத்தில் 480 லிட்டர் சாதாரணக் காற்றும், முப்பது மீட்டரில் 960 லிட்டரும் அழுத்திச் சேமித்திருக்க வேண்டும். அதுவும் பழுதுபட்டால் உயிர்காப்பது, உள்ளிருந்தே கழற்றிவிடத்தக்க இரும்புச் சுமை. 1960 சனவரி 23 அன்று உலகின் மிக ஆழமான கடற்பகுதியைத் தொட்ட ட்ரியெஸ்ட், இரும்புக் குண்டுகளை உதிர்த்துத்தான் மேலெழுந்தது.

சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் நோக்குடன் மத்ஸ்யா 6000 என்னும் கலத்தை உருவாக்கியது. முதன்மைப் பாலாஸ்ட் அமைப்பு கொண்ட அக்கலத்தை, 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆளின்றியும் ஆட்களுடனும் மூழ்கச் செய்து சோதித்தனர். ஆழ்கடலுக்குமுன் துறைமுகம், ஆளுக்குமுன் வெறுங்கலம் என்னும் அவ்வரிசையை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

நண்பர்களே! ஆய்வகத்தில் வாளி நீரும் மாதிரிக் கலமும் கொண்டு இவற்றைச் செய்து பாருங்கள். ஆற்றில் ஆளை இறக்கிப் பார்க்க வேண்டாம். மூழ்குவது எளிது. மீள்வதற்கு வழி செய்தபின் மூழ்குவதே அறிவியல்.