பழைய சாமான் வாங்கப் போறியா? கொஞ்சம் நில்லு!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குக் கிளம்பிட்டே, சரி. இடிச்ச செட்டிநாட்டு வீடுகளோட கதவு, நிலை, தூண், பெட்டகம், மங்குச் சாமான், இனாமல் தட்டுன்னு கடை கடையா குவிஞ்சு கிடக்கும். பார்த்ததும் கை பர்ஸுக்குத்தான் போகும். அதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டுப் போ.

1. டேப் இல்லாம வீட்டை விட்டு இறங்காதே. வைக்கப்போற சுவர், லிஃப்ட் வாசல், மாடிப்படித் திருப்பம் மூணையும் அளந்து போன்லே குறிச்சுக்கோ. உயரமான கொட்டகைக்குள்ளே பெட்டகம் சின்னதாத்தான் தெரியும். உன் ஃபிளாட்டுக்கு வந்தா ஹால் பாதியை அடைச்சுக்கும்.

2. முன்னழகைப் பார்த்து மயங்காதே, கவுத்துப் போட்டுப் பாரு. பின்பலகை பிளைவுட்டா? ஸ்டார் தலை ஸ்குரூவா? அப்போ சமீபத்துலே கை வெச்சிருக்காங்க. ஓட்டை இருக்கிறது தப்பில்லை. ஓட்டைக்குக் கீழே புது மாவு கொட்டியிருந்தா உளு இன்னும் உள்ளேதான் இருக்கு, உன் வீட்டுக் கட்டிலையும் சேர்த்துத் தின்னும். கால்களோட அடியை நகத்தாலே அழுத்து, பொதபொதன்னு இருந்தா நகர்ந்துடு. ‘பர்மா தேக்கு’ன்னு சொல்லாத கடைக்காரர் கிடையாதும்மா! தெரியாத மூலையிலே லேசா சுரண்டிப் பார்க்கவான்னு கேளு. சாயத்துக்கு அடியிலே வெள்ளை மரம் தெரிஞ்சா பேரமே பேச வேண்டாம்.

3. பர்ஸ்லே ஒரு சின்னக் காந்தம் போட்டுக்கோ. பித்தளையிலே ஒட்டாது. ஒட்டிச்சுன்னா இரும்புக்கு முலாம் பூசினது.

4. ரவி வர்மா படமா? பூதக்கண்ணாடி வெச்சுப் பாரு. வரிசையா, ஒரே சீரா புள்ளி தெரிஞ்சா அது பழைய கல்லச்சு இல்லே, இந்தக் காலத்து அச்சு. பழுப்புக் காகிதத்தை நம்பாதே, டீத்தண்ணியே போதும் அதுக்கு.

5. இதெல்லாம் வேண்டவே வேண்டாம்:
• சாமி சிலை, கோயில் கல். எங்கேருந்து வந்ததுன்னு உனக்குத் தெரியாது. வழக்கு வந்தா நீதான் அலையணும்.
• நூறு வருஷம் தாண்டின கலைப்பொருளை வெளிநாட்டுத் தம்பிக்குக் கொடுத்தனுப்புற யோசனை. 1972 சட்டப்படி தனியார் ஏற்றுமதி செய்யவே கூடாது.
• பூச்சு பெயர்ந்த இனாமல் தட்டுலே சோறு. சுவர்லே மாட்டு, அழகா இருக்கும்.
• பழைய பெயின்ட்டை உப்புத்தாளாலே வறட்டுத் தேய்ப்பு. அதுலே ஈயம் இருக்கலாம், குழந்தை இருக்கிற வீடு.

6. முதல் கடையிலேயே வாங்காதே. தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வா. “ஐயோ, எவ்ளோ அழகு!”ன்னு கடைக்காரர் காதுபடச் சொன்னே, விலை அப்பவே ஏறிடும். அவர் சொல்ற விலையோட ஆசாரி கூலி, பாலிஷ், குட்டி யானை வாடகை, தூக்குற ஆளுக்கான காசு எல்லாத்தையும் கூட்டிப் பாரு. போட்டோ எடுத்து உங்க ஆசாரிக்கு அனுப்பு. அவர் தலையை ஆட்டினா மட்டும் முன்பணம் கொடு.

வண்டியிலே ஏத்துறதுக்கு முன்னாடி பூட்டு ஓடுதான்னு அங்கேயே திறந்து மூடிப் பாரு, சாவியைக் கையிலே வாங்கிக்கோ. இழுப்பறைகளைக் கழட்டித் தனியாக் கட்டச் சொல்லு. ‘அதெல்லாம் ஆடாதுக்கா’ம்பான் டிரைவர். கேட்காதே.