லாரியின் மேல் போட்ட பழி

தொலைவிலிருந்து வந்த உணவு உலகைக் கெடுக்கிறது, அருகில் விளைந்தது அதனைக் காக்கிறது என்னும் நம்பிக்கை இன்று படித்தவர்களிடையே ஏறக்குறைய ஓர் ஆசாரமாகவே வளர்ந்துவிட்டது. லாரியின் புகை கண்ணுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிவதால், குற்றத்தையும் அதன் தலையிலே சுமத்துவது சுலபமாக இருக்கிறது. ஆனால் 2018இல் ஜோசஃப் பூர், தாமஸ் நெமெசெக் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டி வெளியிட்ட கணக்கைப் பார்த்தால், மனிதனால் வானில் சேரும் வெப்ப வாயுக்களில் கால் பங்குக்குச் சற்று மேலானது உணவினால் உண்டாவதென்றும், அந்தப் பங்கிற்குள் பிரயாணத்தின் பொறுப்பு நூற்றுக்கு ஆறு அளவே என்றும் விளங்குகிறது. குளிர்காலத்து இங்கிலாந்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் எரிவாயுவால் வெப்பமூட்டி வளர்த்த உள்ளூர்த் தக்காளியைவிட, ஸ்பெயின் தேசத்து வெயிலில் பழுத்து லாரியேறி வந்த தக்காளி குறைந்த பாவமே செய்திருக்கும். விமானத்தில் பறந்து வரும் பண்டங்களுக்கு மாத்திரம் இந்த மன்னிப்புப் பொருந்தாது.

பாவத்தின் பெரும்பகுதி, பண்டம் லாரியில் ஏறுவதற்கு முன்பே, தொழுவத்திலும் வயலிலும் நடந்து முடிந்துவிடுகிறது. மாடுகளின் ஏப்பத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நெல் வயலைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. நெற்பயிர் எந்நேரமும் நீருக்குள் நின்றால்தான் செழிக்கும் என்பது நம்மவரிடையே பரவியுள்ள அபிப்பிராயம். உண்மையில் தேங்கிய நீர் செய்யும் முக்கியமான உபகாரம் களையை அடக்குவதே. அதே நீர் சேற்றுக்குள் காற்றுப் புகாமல் தடுத்துவிடுவதால், பிராணவாயு வேண்டாத நுண்ணுயிர்கள் அங்கே மட்கும் தாளையும் வேரையும் கொண்டு மீத்தேனை உண்டாக்க, வேருக்குக் காற்றைக் கொண்டு செல்வதற்கென்று பயிர் தன் தண்டுக்குள் அமைத்துக்கொண்ட நுண்ணிய வழிகளே அந்த வாயு மேலேறும் புகைபோக்கியாகவும் ஆகிவிடுகின்றன. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைப்போல் சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்குச் சொல்லும் பரிகாரம், துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, நீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சலாம், பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடலாகாது என்பது. நம் ஊர்ப் பேச்சில் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பது இதுதான். ஆயினும், மேட்டூர் எப்பொழுது திறக்குமென்று காத்திருந்து, கடைமடைக்கு ஒருவாறு வந்து சேர்ந்த தண்ணீரைக் கண்குளிரப் பார்த்து நிற்கும் விவசாயியிடம் போய், வயலைக் காயவிடு என்று உபதேசிப்பவர், முதலில் அடுத்த முறைத் தண்ணீருக்குத் தாம் ஜாமீன் நிற்க வேண்டும்.

கோணல் காய்கறி குப்பைக்குப் போவதற்குச் சட்டமும் கடைக்காரருமே காரணம் என்பது வேறொரு நம்பிக்கை. ஐரோப்பாவில் 1988ஆம் வருஷத்து விதியொன்று, உயர்ந்த தரத்து வெள்ளரிக்காய் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் வளையலாகாது என்று நிர்ணயித்திருந்தது. 2009 ஜூலையில் அந்த விதி நீங்கிய பிறகும், பெட்டியில் அடுக்குவதற்குச் சௌகரியமாகவும் வாங்குவோர் கைக்கு உகந்ததாகவும் இருக்கும் நேர்வெள்ளரியே கடைத்தட்டில் வீற்றிருக்கிறது.

நமக்கோ சட்டம் வேண்டியதே இல்லை, விரல்கள் போதும். வெண்டைக்காய் வாங்கப் போகிறவர், முற்றலா இளசா என்றறிய ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்து, ஒடியாததை மாத்திரமன்றி ஒடிந்ததிலும் சிலவற்றைக் குவியலிலேயே போட்டுவிட்டு நகர்கிறார்; அடுத்து வருபவர் நுனியற்ற காயைத் தொடுவதில்லை. (இதை எழுதுகிறவனும் பல வருஷம் ஒடித்தவன்தான்.) ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2022ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளிலே வீணாயிற்றென்று கண்டிருக்கிறது. நம் விரலால் நுனியிழந்து சந்தையிலேயே வாடிய வெண்டைக்காய் அந்த 60இல் சேராது. அது கடைக்காரர் பெயரில் பற்று எழுதப்பட்டிருக்கும்.