வாடகைக்கு வருபவரை அறிவது எப்படி?

கேள்வி: பொன்முடி அடிவாரத்தில், விதுராவில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளை நாள் வாடகைக்கு விடுகிறோம். வருகிறவர்கள் நல்லவர்களா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பணம் வாங்குமுன் போனில் பேசிவிடுங்கள். எத்தனை பேர், என்ன வண்டி, எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேளுங்கள். நாலு பேர் என்று சொல்லிவிட்டுப் பத்துப் பேர் வந்திறங்குவதில்தான் பெரும்பாலான தகராறு தொடங்கும். “கூடுதல் ஆளுக்கு அனுமதியில்லை, இரவு பத்துக்கு மேல் பாட்டு கூடாது” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, சம்மதம் வாங்குங்கள். மழுப்புகிறவருக்கு அறை கொடுக்காதீர்கள்.

பெரியவர்கள் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பாருங்கள். முதல் எட்டு எண்கள் மறைத்த ஆதாரே போதும். நகலைக் கண்டவர் கையில் விடாதீர்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் அரசுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை.

சாதி, மதம் கேட்டு வடிகட்டாதீர்கள், அது அநியாயம். மணமாகாத இருவர் சேர்ந்து தங்குவதும் குற்றமல்ல.

பொன்முடிக்கு ஏறும் பாதையில் கல்லாற்றிலிருந்து மேலே 22 கொண்டையூசி வளைவுகள். கனமழையில் பாதையை மூடிவிடுவார்கள். அன்றைக்குப் பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்பதையும் அந்த முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.