பழைய மன்றக் கட்டடம்: பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்

கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றியாகிவிட்டது. உத்திரத்துக்குத் தாங்கல் கொடுத்தாயிற்று, விரிசல்களை அடைத்தாயிற்று. மன்றத் தலைவர் திறப்பு விழாவுக்கு நாள் பார்த்து அழைப்பிதழையும் அச்சுக்குக் கொடுத்துவிட்டார். சீரமைப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். மிச்சம் பூச்சும் பெயின்ட்டும்தானே என்று, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று செய்யவேண்டிய வேலைகளை ஒரே வாரத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள். ஆறு மாதத்தில் சுவர் செதில் செதிலாக உரிகிறது.

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்தில் படிப்பகமாகவோ மனமகிழ் மன்றமாகவோ தொழிற்சங்க அலுவலகமாகவோ இருக்கும் பழைய கட்டடங்களின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு கூடம், கேரம் போர்டு, மரப்பெஞ்சு, சுவரில் குமரன் படம், மூலையில் நன்கொடையாளர் கல்வெட்டு. அப்படிப்பட்ட கட்டடத்தின் கடைசிக் கட்ட வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்று பார்ப்போம்.

சுவர் எந்த வகை?

முதலில் ஒரு சாவியை எடுத்துச் சுவரின் பூச்சைக் கீறிப் பாருங்கள். வெள்ளையாக மாவு போல உதிர்ந்தால் சுண்ணாம்புப் பூச்சு. கீறலே விழாமல் சாம்பல் நிறத்தில் நின்றால் சிமென்ட். மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்ததே 1930-களில்தான். அதற்கு முந்திய கட்டடம் என்றால் சுவர் சுண்ணாம்பாகத்தான் இருக்கும். அதன்பின் கட்டியதிலும் இரண்டும் கலந்திருக்கலாம்.

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் ஒட்டு போடாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும்; சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் ஒட்டின் ஓரமாகத் தேடி வந்து அங்கே சுவரைத் தின்னும். சென்னையில் சிஷோம் வடிவமைத்து நம்பெருமாள் செட்டியார் கட்டிய விக்டோரியா பப்ளிக் ஹாலும் ஒருவகையில் மன்றக் கட்டடம்தான். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நெடுங்காலம் அங்கேதான் இயங்கியது. அதை அண்மையில் மாநகராட்சி சீரமைத்தபோதும் சுண்ணாம்புச் சாந்தைத்தான் பயன்படுத்தினார்கள். உங்கள் கூடம் அதில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும், ஆனால் விதி ஒன்றே. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. கோயில் திருப்பணி செய்யும் ஆட்களிடம் விசாரித்தால் யாராவது அகப்படுவார்.

கூரைக்குத் தண்ணீர்ச் சோதனை

கான்கிரீட் மாடி என்றால் வடிகுழாயை அடைத்துத் தண்ணீர் கட்டிச் சோதிப்பது வழக்கம். மர உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸில் இதைச் செய்யக்கூடாது. இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டினால் நூறு சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 470 கிலோ பாரம் ஏறும். கறையான் அரித்த உத்திரம் ஒன்றிருந்தால் போதும். ஹோஸ் குழாயால் அரை மணி நேரம் தண்ணீர் அடித்து, கீழே ஒருவரை டார்ச்சோடு நிறுத்திப் பாருங்கள். சீமை ஓட்டுக் கூரைக்கும் இதே முறைதான். முகட்டு ஓட்டின் சாந்தையும் சுவரும் ஓடும் சேரும் இடத்தையும் தனியாகக் கவனியுங்கள். இந்தச் சோதனை முடியாமல் உள்ளே பட்டி போட ஆரம்பிப்பவர் பணத்தை மழைக்கு எழுதிவைக்கிறார்.

வயரிங்

பூச்சுக்கு முன் முடியவேண்டியது இது. பழைய மரப்பட்டை வயரிங்கை அழகுக்காக விட்டுவைக்கலாம், ஆனால் அதில் மின்சாரம் ஓடவேண்டாம். புதுப் பைப்பில் புது வயர் இழுத்து, பூசும் முன் எலெக்ட்ரீஷியனை மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ வயர் கசிகிறது, சுவரை மூடவிடாதீர்கள். 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். பிள்ளைகள் வந்துபோகும் இடம்.

தண்ணீரும் காத்திருப்பும்

இந்த ஊரில் எல்லா வீட்டிலும் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு குழாய் இருப்பது எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். குடிக்க நல்ல தண்ணீர், பாத்திரம் கழுவ உப்புத் தண்ணீர் என்று பிரிக்கிற நாம், கலவை குழைக்க மட்டும் போர் தண்ணீரை யோசிக்காமல் விடுகிறோம். அந்த உப்பு சுவருக்குள் போய், ஈரம் காயக் காய வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். பவானியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரையோ நல்ல தண்ணீர் லாரியையோ கலவைக்கும் நனைப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செலவு கொஞ்சம் கூடும்; பெயின்ட்டை இரண்டு தடவை அடிப்பதைவிடக் குறைவுதான்.

ஏற்கெனவே பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தேய்த்து உதிர்த்து, தூளைக் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும்.

நனைப்பில் இன்னொரு சங்கடம். நம் ஊரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை பூசிய சுவருக்கு மறுநாள் தண்ணீர் காட்ட யாரும் வரமாட்டார்கள். ஒன்று, சனிக்கிழமை பூச்சு வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அல்லது மன்றத்து இளைஞர் ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

இனி காய்வது. "அதெல்லாம் காஞ்சுருச்சுங்க, அடிச்சுரலாம்" என்பார் பெயின்டர். சுவர் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் தாளின் உட்பக்கம் பனி போல நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒன்றும் தலைமட்டத்தில் ஒன்றும் ஒட்டுங்கள். கீழே மட்டும் கோத்தால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது என்று அர்த்தம். அதற்கு எந்தப் பெயின்ட்டும் மருந்தாகாது, வெளிப்புறம் தண்ணீர் தேங்கும் இடத்தைத்தான் சரிசெய்யவேண்டும். திறப்பு விழாத் தேதியை இந்தத் தாளைப் பார்த்துத்தான் குறிக்கவேண்டும்.

மரவேலை

கதவு, ஜன்னலின் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் கூடாது என்ற விதி நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். ஆகவே உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடச் சொல்லுங்கள், முகக்கவசமும் வேண்டும். கீழே விழும் சேற்றைக் கூட்டி அள்ளிப் பையில் கட்டுங்கள், செடிப் பக்கம் கொட்டவேண்டாம்.

துடைக்கப் பனியன் வேஸ்ட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. வெள்ளை வேஸ்ட்டாகப் பார்த்து வாங்குங்கள்; கலர் வேஸ்ட் டர்பன்டைனில் சாயம் விட்டு வார்னிஷைக் கெடுக்கலாம். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும். ஆளிவிதை எண்ணெயோ அது கலந்த பாலிஷோ தொட்ட துணியைக் குவித்து மூலையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடு கிளப்பும். குவியலுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி எதுவும் இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு துண்டையும் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய இரும்பு வாளியில் போட்டு மூடுங்கள்.

வார்னிஷும் எனாமலும் அடிக்க நம் ஊரில் காலம் பார்க்கவேண்டும். வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, பல்லடம், உடுமலைக் காற்றாலைகளுக்கு நல்லது; ஈரப் பெயின்ட்டுக்கு எமன். மண்ணோடு பஞ்சுத் தூசியும் சேர்ந்து ஒட்டினால் கதவைத் தடவும் கைக்கு உப்புத்தாள் மாதிரி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தையிலிருந்து சித்திரை வரை தோதான காலம். தீபாவளிக்கு முன் முடித்துத் தருகிறேன் என்பவரை நம்பவேண்டாம்; போனஸ் வாங்கியதும் பாதி ஊர் சொந்த ஊருக்குப் போய்விடும்.

தரை

பழைய ரெட் ஆக்சைடு தரை இருந்தால் உடைத்து டைல்ஸ் போடும் ஆசையை அடக்குங்கள். அந்த வழவழப்பும் குளிர்ச்சியும் விலைக்கு வராது. ஆசிட் ஊற்றாமல் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். விரிசலை ஆக்சைடு கலந்த சிமென்ட்டால் அடைத்து, சில நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் தேங்காய் எண்ணெயை மெலிதாகத் தேய்த்து, காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தெடுங்கள். எண்ணெய் தேங்கினால் வழுக்கும்; பத்திரிகை படிக்க வரும் பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் பெயின்ட்

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையே சிறந்தது. வஜ்ஜிரம் சேர்த்தால் கையில் ஒட்டாது. பிளாஸ்டிக் எமல்ஷன் பளபளக்கும், ஆனால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். சிமென்ட் சுவர் என்றால் பட்டி, பிரைமர், எமல்ஷன் என்று வழக்கம்போலப் போகலாம். முதல் கோட் தரை வேலைக்கு முன், கடைசிக் கோட் அதற்குப் பின்.

நன்கொடையாளர் கல்வெட்டை மறக்காமல் மூடி வையுங்கள். கல்லின் எழுத்துக்குள் பெயின்ட் இறங்கினால் எடுப்பது பெரும்பாடு. தேய்ந்த எழுத்துகளைத் திருமுருகன்பூண்டிச் சிற்பிகளிடம் காட்டி வெட்டச் சொல்லலாம்; கல் வேலை அவர்களுக்குப் பரம்பரை.

வேலை முடிந்ததும் கான்ட்ராக்டரோடு நடந்து, ஒவ்வொரு தாழ்ப்பாளையும் போட்டு, ஒவ்வொரு சுவிட்சையும் தட்டிப் பார்த்து, குறைகளை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பில்லில் நூற்றுக்கு ஐந்து பங்கை அடுத்த ஐப்பசி மழை முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டும். இதை வேலை தொடங்கும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். முடிந்தபின் கேட்டால் சண்டைதான் வரும்.