ஹிஸ்டாரிக்கா, ஹிஸ்டாரிகலா?

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'ஹிஸ்டாரிக்', 'ஹிஸ்டாரிகல்' இரண்டில் எதை எங்கே போடுவது என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன். சுலபமான வழி உண்டா?
- வாசகி, தேனி

உண்டு. அந்த இடத்தில் 'வரலாறு படைத்த' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ஹிஸ்டாரிக். வெறுமனே 'வரலாறு சார்ந்த' என்றால் ஹிஸ்டாரிகல். 1947 ஆகஸ்ட் 15 ஹிஸ்டாரிக் நாள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஹிஸ்டாரிகல் நாவல். சோழர் காலத்துச் சாதாரண வரி ரசீது கிடைத்தாலும் அது ஹிஸ்டாரிகல் ஆவணம்தான். அது எதையும் மாற்றியிருக்க வேண்டியதில்லை.

ஆனால் 'கல்' என்ற வாலை வைத்துப் பொதுவிதி எழுதிக்கொள்ளாதீர்கள். எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்தது, எகனாமிகல் என்றால் சிக்கனமானது. அரசின் கொள்கை எகனாமிக். பெட்ரோலை அதிகம் குடிக்காத பைக் எகனாமிகல். இங்கே வித்தியாசமே வேறு. ஒவ்வொரு ஜோடியையும் தனியாகத்தான் பழக வேண்டும்.

இதற்கு தெசாரஸ் உதவாது. அது நெருங்கிய சொற்களை ஒன்றாகக் கூட்டிவைக்கும், பிரித்துக் காட்டாது. ஆங்கிலம் கற்பவர்களுக்காகவே ஏ.எஸ்.ஹார்ன்பி தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியை வாங்குங்கள். பொருளைவிட, அதில் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதலில் படியுங்கள். உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.