கோல்ப் ஸ்கோரைக் குறைக்க ஒரு ஒர்க்ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒர்க்ஷீட் பழகுவதற்கு வீட்டுச் செலவுக் கணக்கையோ, பிள்ளைகளின் மதிப்பெண்களையோ எடுத்துக் கொள்வது வழக்கம். நீங்களோ, உங்கள் வீட்டில் வேறு யாராவதோ கோல்ப் விளையாடுபவராக இருந்தால், இதே பழக்கத்திற்கு இன்னும் சுவையான கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு ரவுண்டு ஆடி முடித்தால் 18 குழிகளுக்கும் எண்கள் கையில் இருக்கும். பெரும்பாலோர் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஸ்கோர் கார்டைப் பையில் போட்டுவிடுவார்கள்.

வாரம் ஒரு முறை மைதானத்திற்குச் செல்லும் அமெச்சூர் ஆட்டக்காரருக்குப் பயிற்சி செய்ய ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார்? டிவியில் பார்த்த வீரரின் ஸ்விங்கை அப்படியே செய்து பார்க்கிறார். அல்லது விலை கொடுத்து ஒரு புதிய டிரைவர் மட்டை வாங்குகிறார். ஆறு மாதம் கழித்தும் ஸ்கோர் அதே இடத்தில் நிற்கும். அவருடைய உழைப்பில் குறையில்லை. தவறு எங்கே என்று அளக்காமல் திருத்தத் தொடங்கியதுதான் காரணம்.

சாப்ட்வேர் எழுதும் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புரோகிராம் மெதுவாக ஓடினால் உடனே கண்ணில் பட்ட வரியைத் திருத்த மாட்டோம். எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று முதலில் அளப்போம். பல சமயம் யாரும் சந்தேகப்படாத பகுதிதான் நேரத்தை விழுங்கிக் கொண்டிருக்கும். இதே முறையை கோல்பிற்கும் பயன்படுத்தலாம்.

தேவையானவை மூன்று. ஒன்று, எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க். இரண்டு, இலவச வீடியோ புரோகிராமான விஎல்சி மீடியா பிளேயர். மூன்று, கேமரா உள்ள மொபைல் போன்.

முதலில் சில சொற்கள்

கோல்ப் தெரியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். பந்தை மட்டையால் ஒரு முறை அடிப்பது ஒரு ஸ்ட்ரோக். ஒரு குழியை முடிக்க ஒரு தேர்ந்த ஆட்டக்காரருக்கு எத்தனை ஸ்ட்ரோக் தேவை என்று வகுத்திருப்பது பார். இது பொதுவாக 3, 4 அல்லது 5 ஆக இருக்கும். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை கிரீன். அங்கே பந்தை உருட்டி அடிப்பது பட். பார் கணக்கில் ஒவ்வொரு குழிக்கும் 2 பட் சேர்ந்திருக்கிறது. எனவே பார் 4 குழியில் பந்து 2 ஸ்ட்ரோக்கில் கிரீனுக்கு வந்துவிட வேண்டும். பார் 5 என்றால் 3 ஸ்ட்ரோக்கில். நம் கணக்கு முழுவதும் இந்த ஒரு விதியை வைத்தே நடக்கப் போகிறது.

பாடம் 1: ஸ்கோர் கார்டை ஒர்க்ஷீட்டில் ஏற்றுதல்

1. புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளவும். முதல் வரிசையில் ஏழு தலைப்புகளை வரிசையாக டைப் செய்திடவும்: குழி, பார், ஸ்ட்ரோக், பட், கிரீன் வரை, தாமதம், பட் மிகுதி.

2. குழி என்ற தலைப்பின் கீழ் 1, அதற்குக் கீழே 2 என டைப் செய்திடவும். இரண்டு செல்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால், வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். அதனை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் 18 வரை எண்கள் தாமாகவே வந்துவிடும்.

3. ஸ்கோர் கார்டைப் பார்த்து பார், ஸ்ட்ரோக், பட் ஆகிய மூன்றையும் நிரப்பவும். கிரீன் மேலிருந்து அடித்தவற்றை மட்டுமே பட் என்று எழுத வேண்டும். பெனால்டி ஸ்ட்ரோக்கை மறக்காமல் ஸ்ட்ரோக்கில் சேர்த்துவிடவும்.

4. "கிரீன் வரை" என்பதன் கீழ் உள்ள முதல் செல்லில் சமக்குறி தட்டவும். பின் அதே வரிசையில் ஸ்ட்ரோக் உள்ள செல்லை கிளிக் செய்து, கழித்தல் குறி தட்டி, பட் உள்ள செல்லை கிளிக் செய்து என்டர் தட்டவும். பார்முலா தானாக அமைந்துவிடும். செல்லின் பெயரை நீங்கள் டைப் செய்ய வேண்டியதே இல்லை.

5. "தாமதம்" செல்லில் இதே போல சமக்குறி தட்டி, "கிரீன் வரை" செல்லை கிளிக் செய்து, கழித்தல் குறி தட்டி, பார் செல்லை கிளிக் செய்து, கடைசியில் +2 என்று டைப் செய்து என்டர் தட்டவும்.

6. "பட் மிகுதி" செல்லில் சமக்குறி, பட் செல், பின் -2. என்டர்.

7. பார்முலா உள்ள மூன்று செல்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, மூலைச் சதுரத்தைப் பிடித்து 18ஆவது குழி வரை இழுக்கவும்.

8. கடைசியாக ஒவ்வொரு நெடுவரிசையின் அடியிலும் ஒரு காலி செல்லை கிளிக் செய்து, சிக்மா எழுத்துப் போட்ட பட்டனை அழுத்தி மொத்தம் எடுக்கவும். கால்க் புரோகிராமில் சிறு மெனு விரிந்தால் அதில் கூட்டுத்தொகைக்கான முதல் வரியைத் தேர்ந்தெடுக்கவும். குழி எண்களுக்கு மொத்தம் தேவையில்லை.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. தாமதத்தின் மொத்தத்தையும் பட் மிகுதியின் மொத்தத்தையும் கூட்டினால், நீங்கள் பாரைவிட எத்தனை ஸ்ட்ரோக் அதிகம் ஆடினீர்களோ அந்த எண் வர வேண்டும். வராவிட்டால் பார்முலாவில் ஏதோ ஒரு செல்லை மாற்றி கிளிக் செய்திருக்கிறீர்கள்.

விடை என்ன சொல்கிறது?

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். மைதானத்தின் பார் 72. ஆட்டக்காரர் எடுத்தது 96. அதாவது 24 அதிகம். "என் பட்டிங் மோசம், மூன்று குழிகளில் மூன்று பட் போட்டேன்" என்று அவர் வருந்துகிறார். ஒர்க்ஷீட்டில் பட் மொத்தம் 38. எனவே பட் மிகுதி வெறும் 2. தாமதம் 22! பந்து கிரீனுக்கு வந்து சேர்வதற்குள்ளேயே அநேகமாக முழு நஷ்டமும் நடந்து முடிந்துவிட்டது. மூன்று பட் போட்ட குழிகள் மனதில் வலியோடு தங்கிவிடுகின்றன. மரத்தடியிலிருந்து பந்தை வெளியே தள்ளிய ஸ்ட்ரோக் மறந்துவிடுகிறது.

ஒரே ரவுண்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறைகூட கடைசி 20 ரவுண்டுகளை எடுத்து, அவற்றில் சிறந்த 8ஐத்தான் சராசரி பார்க்கிறது. ரவுண்டுக்கு ஒரு ஷீட் என்று ஒரே பைலில் சேர்த்து வாருங்கள். ஐந்தாறு ரவுண்டுகளிலேயே ஒரு போக்கு தெரியத் தொடங்கும்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி

பட் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒருவர் பார் 4 குழியில் 2 ஸ்ட்ரோக்கில் கிரீனுக்கு வராமல் பக்கத்தில் விழுகிறார். மூன்றாவது ஸ்ட்ரோக்கில் பந்தைக் குழிக்கு அருகே தூக்கிப் போட்டு, ஒரே பட்டில் முடிக்கிறார். தாமதம் 1, பட் மிகுதி -1. பட்டிங்கில் அவர் கெட்டிக்காரர் போலத் தெரியும். உண்மையில் பாராட்டு மூன்றாவது ஸ்ட்ரோக்குக்குப் போக வேண்டும். 40 அடி தூரத்திலிருந்து இரண்டு பட்டில் முடிப்பவரும், 4 அடியிலிருந்து இரண்டு பட் போடுபவரும் நம் ஒர்க்ஷீட்டில் ஒன்றே.

தொழில்முறை ஆட்டத்திலும் இந்தச் சிக்கல் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இதற்கு ஒரு வழி கண்டார். பிஜிஏ டூர் போட்டிகளில் ஷாட்லிங்க் என்ற அமைப்பு ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து எங்கே போனது என்று பதிவு செய்கிறது. அந்தப் பதிவுகளைக் கொண்டு, குழியிலிருந்து எந்தத் தூரத்தில் இருந்தால் சராசரி வீரருக்கு இன்னும் எத்தனை ஸ்ட்ரோக் ஆகும் என்று அவர் கணக்கிட்டார். எடுத்துக்காட்டாக, 8 அடி தூர பட்டை டூர் வீரர்கள் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற அளவில்தான் போடுகிறார்கள். எனவே சராசரி 1.5. நீங்கள் ஒரே பட்டில் முடித்தால் 0.5 லாபம். இரண்டு பட் ஆனால் 0.5 நஷ்டம். இதற்கு ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட் என்று பெயர். பிஜிஏ டூர் 2011இல் பட்டிங்கிற்கு இதனை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

எனவே உங்கள் ஒர்க்ஷீட்டில் எட்டாவதாக ஒரு நெடுவரிசை சேர்த்திடவும். தலைப்பு: முதல் பட் தூரம். அடிக்கணக்கில் எழுதினால் போதும். நடந்தே அளந்து கொள்ளலாம்.

பாடம் 2: பெரிய போட்டிகளைப் பின்தொடர்தல்

இப்போது போட்டிகளைப் பார்க்கும்போது உங்கள் கண் வேறு மாதிரி வேலை செய்யும். ஆண்களுக்கான நான்கு மேஜர் போட்டிகள் மாஸ்டர்ஸ், பிஜிஏ சாம்பியன்ஷிப், யுஎஸ் ஓபன், தி ஓபன். இவை முறையே ஏப்ரல், மே, ஜூன், ஜூலை மாதங்களில் நடைபெறுகின்றன. வியாழன் முதல் ஞாயிறு வரை நாளைக்கு 18 குழிகளாக 72 குழிகள். முதல் இரண்டு நாள் முடிந்ததும் பின்தங்கியவர்கள் வெளியேற்றப்படுவார்கள். இதற்கு கட் என்று பெயர்.

நேரத்தைக் கவனிக்கவும். மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவை விட ஏப்ரலில் நம் கடிகாரம் ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கும். அங்கே மாலை 7 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 4.30. தி ஓபன் நடக்கும் பிரிட்டனுக்கும் நமக்கும் ஜூலையில் நாலரை மணி நேரம்தான் வித்தியாசம். அதனை இரவு விழிக்காமலே பார்க்கலாம். போட்டியின் தளத்தில் லீடர்போர்டு பக்கத்தைத் திறந்து, முகவரிக் கட்டத்தின் ஓரத்தில் உள்ள நட்சத்திரத்தை கிளிக் செய்து சேமித்துக் கொள்ளவும்.

பிஜிஏ டூர் தளத்தில் வீரரின் புள்ளிவிவரத்தைத் திறந்தால், டீயிலிருந்து, அப்ரோச், கிரீனைச் சுற்றி, பட்டிங் என்று நான்கு ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட் எண்கள் இருக்கும். முன்னணி வீரர்கள் மற்ற டூர் வீரர்களைவிடப் பெறும் லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முதல் இரண்டிலிருந்து, அதாவது தூர ஷாட்டுகளிலிருந்து, வருகிறது என்பது பிராடியின் முடிவு.

அப்படியானால் எல்லோரும் தூர ஷாட்டைத்தான் பழக வேண்டுமா? டோக்கியோ ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். 2021இல் கசுமிகாசெகி மைதானத்தில் நடந்த மகளிர் போட்டியில் பெங்களூரின் அதிதி அசோக் பாருக்கு 15 குறைவாக ஆடி நான்காம் இடம் பிடித்தார். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்கம் தவறியது. டிரைவ் தூரத்தில் போட்டியாளர்கள் பலர் அவரை முந்தினார்கள். அவரை மேலே நிறுத்தியது பட்டிங். சராசரி ஒன்று சொல்லும், தனி ஆள் கணக்கு வேறொன்று சொல்லும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் ஒர்க்ஷீட்தான் சொல்ல வேண்டும்.

பாடம் 3: ஸ்விங்கை பிரேம் பிரேமாகப் பார்த்தல்

தாமதம்தான் அதிகம் என்று தெரிந்தால் ஸ்விங்கைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

1. மொபைலை ஸ்டாண்டில் வைத்து, இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் நிறுத்தவும். ஒரு வீடியோ உங்கள் நேர் எதிரே இருந்து. இன்னொன்று உங்களுக்குப் பின்னால், பந்து போக வேண்டிய திசையை நோக்கி. ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே உயரம் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

2. கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்திடவும். மெசேஜில் அனுப்பினால் வீடியோ சுருங்கித் தெளிவு போய்விடும்.

3. விஎல்சியில் திறந்து, ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தவும். இனி ஆங்கில எழுத்து "ஈ" உள்ள கீயை ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஒரு பிரேம் முன்னேறும். ஷிப்ட் கீயுடன் இடது அம்புக்குறி தட்டினால் 3 வினாடி பின்னால் போகும். ஷிப்ட் கீயுடன் "எஸ்" தட்டினால் அந்தக் காட்சி படமாகச் சேமிக்கப்படும்.

4. கன்ட்ரோல் கீயுடன் "ஜே" தட்டினால் வினாடிக்கு எத்தனை பிரேம் என்பது தெரியும்.

இப்போது எண்ணுங்கள். மட்டை பின்னோக்கி நகரத் தொடங்கியதிலிருந்து உச்சிக்குப் போகும் வரை எத்தனை பிரேம்? உச்சியிலிருந்து பந்தைத் தொடும் வரை எத்தனை? 2004இல் வந்த டூர் டெம்போ என்ற புத்தகத்தில் ஜான் நோவோசெல், டூர் வீரர்களின் ஸ்விங்கில் இந்த விகிதம் 3:1 ஆக இருப்பதைக் காட்டினார். வினாடிக்கு 30 பிரேம் வீடியோவில் 21க்கு 7, 24க்கு 8 அல்லது 27க்கு 9. உங்கள் வீடியோ 60 பிரேம் என்றால் இரண்டால் பெருக்கிக் கொள்ளவும். "கீழே வரும்போது அவசரப்படுகிறேன்" என்று நினைப்பவர் எண்ணிப் பார்த்தால், மேலே போவதில்தான் அதிக நேரம் எடுக்கிறார் என்பது தெரிய வரலாம்.

பந்தைத் தொடும் கணம் தெளிவாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மணிக்கு 100 மைல் வேகத்தில் வரும் மட்டையின் தலை வினாடியில் 30இல் ஒரு பங்கு நேரத்திற்குள் ஒன்றரை மீட்டர் கடந்துவிடும். மொபைலில் 240 பிரேம் ஸ்லோமோஷன் வசதி இருந்தால் இந்த இடைவெளி 20 சென்டிமீட்டருக்கும் குறைவாகிவிடும். மட்டையின் தண்டு வளைந்து தெரிவதும் பெரும்பாலும் கேமரா படத்தை வரிவரியாகப் பதிவு செய்வதால் வருவதே.

டூர் வீரரின் ஸ்விங்கை அருகே வைத்து ஒப்பிடும்போது அவருடைய வளைவையும் வேகத்தையும் அப்படியே எடுக்க முயல வேண்டாம். அவரது உடலும் பயிற்சியும் வேறு. இந்த விகிதம் போன்ற ஒரே ஒரு அளவை எடுத்துக் கொண்டு, ஒரு மாதம் அதை மட்டும் பழகுங்கள். முதுகு வலி, தோள் வலி இருப்பவர்கள் பயிற்சியாளரிடம் வீடியோவைக் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஒரு மாதம் கழித்து ஒர்க்ஷீட்டைத் திறந்து தாமதத்தின் மொத்தத்தைப் பழைய ரவுண்டுகளுடன் ஒப்பிடவும். குறைந்திருந்தால் அதே வழியில் தொடரலாம். குறையவில்லை என்றால் வேறு ஒன்றை எடுத்து அளக்கலாம். இரண்டிலும் உங்கள் ஒரு மணி நேரம் வீணாகவில்லை. பைலை ஒரு பென் டிரைவிலும் காப்பி எடுத்து வைக்க மறக்காதீர்கள். இருபது ரவுண்டு கணக்கை மறுபடி டைப் செய்வது பெரிய வேலை.